கதிரவனும் கேணியும்

சென்னை மாநகரின் தென்பகுதியில், திருவான்மியூருக்கும் பாலவாக்கத்துக்கும் இடையே அமைந்த ஊர் கொட்டிவாக்கம். கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். இரண்டுக்கும் நடுவே மணல் நிலம். ‘பாக்கம்’ என்பது கடற்கரை ஊரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். முன்னாளில் தனி ஊராக இருந்த கொட்டிவாக்கம் 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. இன்று அங்கே கடலோரத்தில் மீனவர் குப்பமும், அதன் பின்னே அடுக்கடுக்காய் உயர்ந்த மாடி வீடுகளும் காணப்படுகின்றன.

விடியற்காலையில் அவ்வூர்க் கடற்கரையில் நிற்பவர் இருவகைச் செல்வங்களைக் காணலாம். ஒன்று, கடலினின்று எழுந்து வரும் கதிரவன். மற்றொன்று, மணலில் தோண்டிய கேணியில் ஊறும் நன்னீர். கடலுக்கு அருகே உள்ள நிலத்தில் உப்பில்லாத நீர் ஊறுவது வியப்பன்றோ? கதிரவன் ஒளிக்கு விலையில்லை. கேணி நீருக்கும் விலையில்லை. ஆதலின் இரண்டும் ஒரே தன்மையுடைய கொடைகள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவ்வாறு எண்ணுவது தவறு. கதிரவன் ஒளி எடுக்க எடுக்கக் குறைவதில்லை. கேணி நீரோ அளவுக்கு மேல் எடுத்தால் குறைகிறது. குறைந்தபின் கெடவும் கெடுகிறது. இந்த வேறுபாட்டை மறவாதவரே கதிரவனைக் கொண்டு கேணி நீரை இறைக்கத் தகுதி உடையவர் என்பது என் கருத்து.

கடற்கரைக் கேணியின் இயல்பை முதலில் அறிந்து கொள்வோம். மழைநீர் மணலில் இறங்கித் தங்குகிறது. அதன் அடியில் கடலின் உப்புநீர் இருக்கிறது. நன்னீர் எடை குறைந்தது. உப்புநீர் எடை மிகுந்தது. ஆகவே எண்ணெய் தண்ணீர்மேல் மிதப்பதுபோல, நன்னீர் உப்புநீர்மேல் மிதந்து நிற்கிறது. நெதர்லாந்து நாட்டுக் கைபன் என்பவரும் செர்மனி நாட்டு எர்சுபெர்க் என்பவரும் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியை ஒட்டி இதன் கணக்கைத் தனித்தனியே ஆராய்ந்து கண்டனர். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீரே நிற்கும் என்பது அக்கணக்கு. இது நல்ல செய்திதான். ஆனால் இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அச்சம் உண்டாகும். மேலே நீர்மட்டம் 1 அடி இறங்குமானால், கீழே உப்புநீர் 40 அடி ஏறி வருவதற்கு வழி திறந்துவிடும்!

கயிறும் தோண்டியும் கொண்டு நீர் சேந்திய நாளில் இந்த ஆபத்து இல்லை. கை ஓய்ந்தால் இறைப்பும் ஓயும். பொறி வந்தபின் இறைப்பு ஓயவில்லை. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் வயல்களுக்கும் ஓயாமல் நீர் எடுத்தமையால், கடல்நீர் நிலத்தின் அடியில் பல கிலோமீட்டர் தொலைவு உட்புகுந்தது. நகரைச் சுற்றி நிலத்தடி நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்த 1987ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. கட்டடங்களில் மழைநீரைச் சேமித்து நிலத்துள் இறக்க வேண்டும் என்று 2003இல் தமிழ்நாடு முழுவதும் கட்டாயமாக்கப்பட்டது. கடற்கரை வழியே மேலும் தெற்கில் உள்ள நெம்மேலியில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்று 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அளவுக்கென அமைந்து தென்சென்னைக்கு நீர் தருகிறது. மணல் இலவசமாகத் தந்த நன்னீர் போதாமல், கடல்நீரினின்று மின்சாரம் செலவிட்டு உப்பைப் பிரிக்கும் நிலை வந்துவிட்டது.

நகரத்து ஊர் ஒன்றின் கேணிக்கும் நாட்டுப்புறத்து உழவரின் வயலுக்கும் தொடர்பு யாது என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. கொட்டிவாக்கத்து மணல் கற்பிக்கும் பாடம் தமிழ்நாட்டின் கரிசல் மண்ணுக்கும் செம்மண்ணுக்கும் பொருந்தும். கடற்கரையில் அளவு மீறினால் உப்பு ஏறும். உள்நாட்டில் அளவு மீறினால் கிணறு வற்றும். தண்டனை வேறு, குற்றம் ஒன்றே.

நம் உழவர் நீர் இறைத்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம். முற்காலத்தில் ஏற்றம் இருந்தது. ஏற்ற மரத்தின்மேல் ஆள் முன்னும் பின்னும் நடக்க, சால் கிணற்றில் இறங்கி ஏறும். பின்பு இரண்டு எருதுகள் வடம் இழுக்கும் கமலை இருந்தது. அடுத்து, எண்ணெய் ஊற்றி ஓட்டும் எந்திரம் வந்தது. 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகு, கோயம்புத்தூர்ச் சீமைக் கிணறுகளில் மின்சாரப் பம்புகள் பெருகின. உழவரின் முதுகுச் சுமை குறைந்தது. ஒரு போகம் விளைந்த நிலம் இரு போகம் விளைந்தது. 1980களில் முதலில் சிறு உழவருக்கும், 1989இல் அமைந்த ஆட்சியில் எல்லா உழவருக்கும் என மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. இவையெல்லாம் நாடு பெற்ற பெரும் பேறுகள். ஆயினும் பம்புகள் பெருகப் பெருகக் கிணறுகளின் ஆழமும் பெருகிற்று. திறந்த கிணற்றின் அடியில் துளையிட்டனர். பின்னர் ஆழ்துளைக் கிணறுகளே போட்டனர். ஆழம் மிகுந்த கிணற்றைத் தோண்ட வல்லவர் பிழைத்தனர். வல்லமை இல்லாத ஏழை உழவர் கிணறு வற்ற, பயிர் வாட நின்றனர்.

இப்பொழுது கதிரவன் வந்திருக்கிறான். மக்கள் ‘சோலார் பம்பு’ என்று வழங்கும் பொறியின் இயல்பு எளிதில் விளங்கக் கூடியதே. மணலிலிருந்து பிரித்தெடுக்கும் சிலிக்கன் என்னும் பொருளின் மெல்லிய தகடுகளில் ஒளி படும்பொழுது மின்சாரம் பிறக்கிறது. ஒளியிலிருந்து மின்சாரம் பிறக்கும் விந்தையைப் பிரெஞ்சு நாட்டு பெக்கரல் 1839இல் கண்டார். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பயன் தரத்தக்க முதல் சிலிக்கன் மின்கலம் உருவாயிற்று. அது தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றில் 6 பங்கையே மின்சாரமாக்கியது; இன்றைய பலகைகள் நூற்றில் 20 பங்கு அளவுக்கு ஆக்குகின்றன. 5 குதிரைத்திறன் பம்பு ஒன்றுக்கு ஏறத்தாழ 4,800 வாட் ஆற்றலுள்ள பலகைகள் வேண்டும். அவற்றின் பரப்பு ஏறத்தாழ 24 சதுர மீட்டர். அரைச் சென்ட் நிலத்தைவிடச் சற்று மிகுதி. அந்தச் சிறு இடத்தில் விழும் வெயில், ஐந்து குதிரைகளின் வேலையைச் செய்கிறது.

இதனால் யாருக்குப் பெரும்பயன் விளையும்? மின்கம்பி எட்டாத வயலை உடைய உழவருக்கே. ஊருக்குள் விளக்கு எரியலாம். ஆனால் ஊரைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, மலைச்சரிவில் இருக்கும் காட்டுக்கு மின்கம்பம் சென்றிராது. கம்பம் சென்ற இடத்திலும் விவசாய இணைப்புக்கு விண்ணப்பித்தவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததுண்டு. அவர்களின் குறையை ஓரளவு தீர்க்கவே 2021இல் தமிழ்நாடு அரசு ஒரு லட்சம் புதிய விவசாய இணைப்புகள் தரும் திட்டத்தைத் தொடங்கியது. காத்திருக்கும் உழவர் என்ன செய்வார்? டீசல் வாங்கி எந்திரத்தை ஓட்டுவார். விளைச்சலின் விலை ஏறுகிறதோ இல்லையோ, டீசலின் விலை ஏறுகிறது. ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்னும் பழமொழி இவருக்காகவே பிறந்தது போலும்! அவர் வயலுக்குக் கதிரவன் நாள்தோறும் தவறாமல் வருகிறான். கம்பமும் கம்பியும் வேண்டாமல், ஆற்றலை வயலிலேயே இறக்கிவிட்டுச் செல்கிறான்.

இதை எதிர்த்துச் சிலர் கூறும் தடைகளையும் ஆராய்வோம். ‘இரவிலும் மழைநாளிலும் இப்பொறி ஓடாதே’ என்பது முதல் தடை. மழைநாளில் பயிருக்கு நீர் இறைக்க வேண்டிய தேவை இல்லை. வெயில் கடுமையாக இருக்கும் நாளிலேயே பயிருக்குத் தாகம் மிகுதி. அந்நாளிலேயே பொறியின் ஆற்றலும் மிகுதி. இரவில் பாம்புக்கும் இருளுக்கும் அஞ்சிக்கொண்டு வாய்க்கால் திறக்கப் போகும் துன்பமும் நீங்கும். பகலில் இறைத்த நீரைத் தொட்டியில் தேக்கி வேண்டும்பொழுது விடவும் முடியும். ஆகவே இத்தடை வலியற்றது.

‘ஏழை உழவர் இதை வாங்க முடியுமா?’ என்பது இரண்டாம் தடை. இது வலியுள்ளது. கதிரவன் ஒளிக்கு விலையில்லை. பலகைக்கு விலை உண்டு. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்துடன் இப்பம்புகளை வழங்கி வருகிறது. 2019இல் ஒன்றிய அரசு ‘குசும்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மின்கம்பியோடு சேராத தனிப் பம்புகளுக்கு அத்திட்டம் வகுத்த பொது முறையில், ஒன்றிய அரசு நூற்றுக்கு 30 பங்கும் மாநில அரசு 30 பங்கும் தரவேண்டும். எஞ்சியதை உழவர் தரவேண்டும். அதில் 30 பங்கு வரை வங்கிக் கடனாகவும் பெறலாம். இது பெரிய உதவிதான். ஆயினும் ஒரு காணி நிலம் உடையவருக்கு எஞ்சிய பங்கும் பாரமே. அத்தகையோர் பலர் சேர்ந்து ஒரு பம்பை வைத்துக்கொள்வது நல்ல வழி. வங்காளதேசத்தில், ஒரு பெரிய பம்பை நடுவில் அமைத்துச் சுற்றியுள்ள பல உழவர்க்குக் கட்டணத்துக்கு நீர் தரும் முறை நடைமுறையில் இருக்கிறது. நமக்கு இது புதிய நெறியன்று. கூட்டுக் கிணற்றில் முறை வைத்து இறைத்தவர் நம் முன்னோர். ஏரிப் பாசனத்தில் வயல்தோறும் நீரை அளந்து விடுவதற்கு நீர்க்கட்டி என்னும் பணியாளரை ஊர்ப்பொதுவில் வைத்திருந்தவரும் அவரே.

மூன்றாம் தடை ஒன்று உண்டு. அதனைச் சொல்வோர் சிலரே. ஆனால் அதுவே மெய்யான தடை. கமலை ஓட்டிய நாளில் எருது களைத்தது, இறைப்பு நின்றது. டீசல் எந்திரத்தில் பணம் தீர்ந்தது; இறைப்பு நின்றது. மின்சாரப் பம்பிலும் மின்தடை நேர்ந்தால் இறைப்பு நின்றது. கதிரவனோ களைப்பதில்லை; கூலி கேட்பதுமில்லை. பொறியை நிறுத்தச் சொல்ல ஒருவரும் இல்லை. ஆதலின் காலை முதல் மாலை வரை நீர் பாய்ந்துகொண்டே இருக்கும். போதும் என்று சொல்ல வேண்டியவர் உழவர் ஒருவரே. அவர் அடுத்த வயலைப் பார்க்கிறார். ‘நான் நிறுத்தினால் அவன் எடுத்துக்கொள்வான்’ என்று எண்ணுகிறார். அடுத்த வயலாரும் அவ்வாறே எண்ணுகிறார். இருவர் கிணற்றுக்கும் ஊற்று ஒன்றுதான் என்பதை இருவரும் மறந்துவிடுகின்றனர்.

இது வீண் அச்சம் அன்று. 2020ஆம் ஆண்டுக் கணிப்பின்படி தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 435இல், ஆண்டுதோறும் நிலத்துள் சேரும் அளவுக்கு மிஞ்சி நீர் எடுக்கப்பட்டது. வரவுக்கு மேல் செலவு செய்யும் குடும்பம் எத்தனை நாள் வாழும்? மேலும் ஒரு கணக்கைக் கேளுங்கள். ஒரு யூனிட் மின்சாரம், இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் ஆழத்திலிருந்து ஏறத்தாழ 36,000 லிட்டர் நீரை மேலே தூக்கும். நீர்மட்டம் 100 மீட்டருக்கு இறங்கிவிட்டால், அதே ஒரு யூனிட் ஏறத்தாழ 3,600 லிட்டரையே தூக்கும். நீர்மட்டம் இறங்க இறங்க, இன்று பொருத்திய பலகை நாளைக்குப் போதாததாகிவிடும். அளவின்றி இறைப்பவர் தம் கிணற்றை மட்டும் அன்று, தம் பலகையின் பயனையும் தாமே அழித்துக்கொள்கிறார்.

அப்படியானால் சோலார் பம்பு வேண்டாமா? வேண்டும், ஆனால் பம்பை மட்டும் தனியே கொடுப்பது போதாது. அதனோடு அளவறிவும் சேர்த்துக் கொடுக்கப்படவேண்டும். அதற்கு வழிகள் இருக்கின்றன.

முதல் வழியைக் குசராத்தில் காணலாம். காந்தியடிகள் 1918இல் அறப்போர் நடத்திய கேதா மாவட்டத்தில் தூண்டி என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே டீசல் எந்திரங்களை ஓட்டிவந்த உழவர் ஆறு பேர், இலங்கையைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனத்தின் துணையுடன் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். சோலார் பம்புகளை வைத்துக்கொண்ட அவர்கள், தம் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை 2016 முதல் மின்வாரியத்துக்கு விற்கலாயினர். யூனிட் ஒன்றுக்கு வாரியம் தர இசைந்த விலை 4 ரூபாய் 63 காசு. அதற்கு ஈடாக, 25 ஆண்டுகளுக்கு விவசாய மின் இணைப்புக் கேட்பதில்லை என்று அவர்கள் ஒப்புக்கொண்டனர். இதன் நுட்பத்தை நோக்குங்கள். வீணே நீர் இறைத்தால் விற்கக்கூடிய மின்சாரம் குறையும். நீரைச் சேமித்தால் வருவாய் கூடும். வெயிலே ஒரு விளைபொருள் ஆயிற்று. ‘நிறுத்து’ என்று சட்டம் சொல்வதைக் காட்டிலும், ‘நிறுத்தினால் வரவு’ என்று கணக்குச் சொல்வது உழவர் காதில் எளிதாக ஏறும்.

கம்பியே எட்டாத வயலில் மின்சாரத்தை விற்க இயலாது. அவ்விடத்துக்கு வேறு வழி உண்டு. பம்பு ஓடாத நேரத்தில் அதே பலகையைக் கொண்டு மாவு அரைக்கும் எந்திரத்தையும் தீவனம் நறுக்கும் எந்திரத்தையும் ஓட்டத்தக்க கட்டுப்பாட்டுக் கருவி இப்பொழுது கிடைக்கிறது. குசும் திட்டத்திலும் அதற்கு இடமளிக்கப்பட்டுள்ளது. தினையும் சாமையும் விளையும் மலையூரில் இத்தகைய பலகை ஒன்று இருக்குமானால், அது வயலுக்கு நீரும் தரும். தானியத்தை மாவாக்கவும் உதவும். பலகைக்கு வேறு வேலை இருந்தால், கிணற்றுக்கு ஓய்வு கிடைக்கும்.

அடுத்தது சொட்டுநீர்ப் பாசனம். வாய்க்காலில் ஓடும் நீர் வெயிலில் ஆவியாகும், மண்ணில் சுவறும், பயிரின் வேரை அடைவது அதில் ஒரு பங்கே. குழாய் வழியே வேரடியில் சொட்டும் நீர் அவ்வாறு வீணாவதில்லை. நிலத்தடி நீர் மிகச் சுருங்கிய இடங்களில் புதிய பம்பு கூடாது. பழைய டீசல் எந்திரத்தை மாற்றுவதானாலும் நுண்ணீர்ப் பாசனம் வேண்டும் என்று குசும் திட்டமே விதி வகுத்திருக்கிறது. விதி ஏட்டில் இருப்பது போதாது. அது வயலில் இருக்கவேண்டும். அதைக் காப்பது அதிகாரிகளின் கடமை மட்டும் அன்று. ஊராரின் கடமையும் ஆகும்.

என் கருத்தைச் சுருங்கச் சொல்வேன். சோலார் பம்புகளை வழங்குவதில் மின்கம்பி எட்டாத வயலுக்கும் டீசலால் வருந்தும் சிற்றுழவருக்கும் முதலிடம் தரவேண்டும். தனியே வாங்க இயலாதவர்க்குக் கூட்டாக வழங்கவேண்டும். ஒவ்வொரு பம்பும் சொட்டுநீர்க் குழாயோடு செல்லவேண்டும். மிஞ்சிய ஆற்றலுக்கு விலையோ வேறு வேலையோ காட்டவேண்டும். எடுக்கும் நீருக்கு ஈடாக, குளத்தைத் தூர்வாரியும் பண்ணைக்குட்டை வெட்டியும் மழைநீரை நிலத்துக்குத் திருப்பித் தரவேண்டும். இவை இல்லாமல் பம்பை மட்டும் தருவது, கடன் வாங்கத் தெரிந்தவனிடம் கடனைத் திருப்பிக் கொடுக்கும் வழியைச் சொல்லாமல் விடுவது போன்றது.

மாணவர்களே! உங்களுள் சிலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். சிலர் நகரத்தில் பிறந்து, வயலை வண்டியின் சன்னல் வழியே மட்டும் கண்டவர்கள். இருவர்க்கும் இச்செய்தி உரியது. நாளை உங்களுள் ஒருவர் பொறியாளராகி இப்பலகையை வயலில் நாட்டலாம். ஒருவர் அதிகாரியாகி மானியத்தில் கையெழுத்திடலாம். ஒருவர் உழவராகிக் காலையில் அந்தப் பொறியின் விசையைத் திருப்பலாம். விசையைத் திருப்பக் கற்றவர், அதை நிறுத்தும் நேரத்தையும் கற்கவேண்டும்.

கொட்டிவாக்கத்துக் கடற்கரையில் நாளையும் கதிரவன் எழுவான். அவன் வரவுக்கு நாம் செய்யவேண்டியது ஒன்றும் இல்லை. ஆனால் மணலுக்கு அடியில் நன்னீர் நிற்பதும், சேய்மையில் ஒரு மலையடிவாரக் கிணற்றில் ஊற்றுக்கண் திறந்திருப்பதும் நம் கையில் இருக்கின்றன. கதிரவனைப் போற்றுவோம், கேணியைக் காப்போம்.